பதிவேட்டில் ஐம்பத்து மூன்று பேர்

ஜூன் 2

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கினால் நீ சிரிப்பாய். அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் பஸ் நிற்கும் இடத்தில் நாம் பேசிய பேச்சுக்குப் பிறகு, யார் முதலில் எழுதுவது என்ற வீம்பிலேயே நான்கு வருஷம் ஓடிவிட்டது. என் வீம்பு போன திங்கட்கிழமை உடைந்தது. பாசத்தில் உடைந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. பயத்தில் உடைந்தது.

உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பழுப்பு உறை வந்திருக்கிறது. இந்த மாதம் 19-ஆம் தேதி தலை எண்ணும் அதிகாரி நேரில் வருகிறாராம். வீடு வீடாக ஆளை நிற்கவைத்து, முகத்தைப் பார்த்து எண்ணுவாராம். ஐம்பது பேருக்குக் கீழே இருந்தால் இது ஊர் இல்லை என்று எழுதிவிடுவார்கள். பிறகு பம்ப் ஆபரேட்டரை எடுப்பார்கள், நர்ஸை எடுப்பார்கள், பஸ்ஸை எடுப்பார்கள். எங்களைச் சமவெளியில் வரிசை வீடுகளில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்.

ஏட்டில் நாங்கள் ஐம்பத்து மூன்று பேர். காலையில் குழாயடியில் நின்று எண்ணினால் நாற்பத்தொன்று. மிச்சம் பன்னிரண்டு பேர் என் பதிவறைச் சுவரில் ஆறு சாவிகளாகத் தொங்குகிறார்கள்.

நான் திருட்டுத்தனம் செய்தேன் என்று உடனே குதிக்காதே. பதிவேட்டின் முதல் பக்கத்தைப் போய் நினைத்துப் பார். ஏழு குடும்பம், முப்பத்தொரு பேர், இந்த மலையில் கல் உடைக்க வந்து எண்பத்து நான்கு வருஷம் ஆகிறது. மழைக்காலத்தில் குவாரிக் குழி நிரம்பிவிடும். ஆண்கள் வேறு குவாரிக்குப் போய்விடுவார்கள். போகும்போது வீட்டுச் சாவியைப் பதிவறையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். 'சாவி இங்கே இருக்கும்வரை ஆள் ஊரில் இருப்பதாகவே கொள்ளப்படும்' என்று முதல் கணக்கர் எழுதி வைத்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்த காலத்திலும் அதுதான் சட்டம். எனக்கு முன்னால் ஏடு எழுதிய அப்பாவும் அப்படித்தான் எழுதினார். குவாரியை மூடிய பிறகு போனவர்களும் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். ஒருவரும் திரும்பி வாங்க வரவில்லை. நானாகப் போய் யார் பெயரை அடிப்பேன், சொல்.

ஊரில் இருந்த ஒரே போனும் போன வருஷத்து இடியோடு ஊமையாகிவிட்டது. அதனால்தான் கடிதம். என்ன செய்வது என்று எழுது.

அக்கா


ஜூன் 7

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்தது என் முட்டாள்தனம். படித்து முடித்ததும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம் கழித்துப் பியூன் கதவைத் தட்டினான்.

நீ ஒன்றை மறந்துவிட்டாய். வருஷா வருஷம் நீ அனுப்பும் எண்ணிக்கைத் தாள் வருவது என் மேஜைக்கு. 'சரிபார்க்கப்பட்டது' என்று அதன் அடியில் சுருக்கெழுத்து போடுவது நான். ஏழு வருஷமாகப் போட்டிருக்கிறேன். அக்கா எழுதியதில் என்ன சரிபார்ப்பது என்று படிக்காமலேயே போட்டேன். நாம் பேசாமல் இருந்த நான்கு வருஷமும் போட்டேன். இப்போது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நீ, பரிமாறியவன் நான். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். வேலை போனால் அவர்களை எங்கே நிறுத்துவேன்?

சாவிச் சட்டம் எல்லாம் இங்கே செல்லாது. புது அதிகாரி கண்ணில் பட்டதை மட்டும் நம்புகிறவர். போன மாதம் பக்கத்து மாவட்டத்தில் ஒரு கணக்கரை ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். செருப்பு மாட்டக்கூட விடவில்லையாம்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றுகிறது. பன்னிரண்டு பேரில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் பிடித்து, அந்த ஒரு நாள் வந்து அவரவர் வீட்டு வாசலில் நிற்கச் சொல்வது. ஒன்பது பேர் நின்றால் ஐம்பது வந்துவிடும். யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுது. நான் தேடுகிறேன்.

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. நான் உன்னுடையதைப் போட்டுவிட்டேன்.

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

அடுப்பில் போடவில்லை. பதிவறையில் இருப்பவளுக்குத் தாளை எரிக்கக் கை வராது. அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட விவரம் இது. வாத்தியார் குடும்பம் நான்கு பேர், எந்தத் தேசத்தில் இருக்கிறார்கள் என்றே தெரியாது. தையல்காரர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது, அவர் மனைவிக்கு மகனையே அடையாளம் தெரியவில்லையாம். பழைய நர்ஸும் இறந்துவிட்டார். பால்காரர் வீட்டு மூன்று பேர் துறைமுகத்தில். லாரி டிரைவர் சிறையில். இதில் யாரைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்துவாய்? ஆழம் தெரியாமல் காலை விடாதே. யாருக்கும் எழுதாதே, யாரையும் கூப்பிடாதே. பொய்க்குத் துணைக்கு ஆள் சேர்த்தால் பொய்யும் பெருகும், வாயும் பெருகும்.

எண்ணிப் பார்த்தால் பதினொன்றுதான் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். பன்னிரண்டாவது பெயரை நீயும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. பதினொரு பேரை ஊருக்காக எழுதினேன். உன் மாமாவை, என் வீட்டுக்காரரை, எனக்காக எழுதினேன். குவாரி மூடியதும் வெளியூரில் வேலை இருக்கிறது என்று நீதான் அவரைக் கூட்டிக்கொண்டு போனாய். முதல் வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அதைத்தான் அன்றைக்கு பஸ் நிற்கும் இடத்தில் கேட்டேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாதுக்கா" என்றாய். வருஷா வருஷம் அவர் பெயருக்கு எதிரே 'ஊரில் வசிக்கிறார்' என்று எழுதும்போது பேனாவை ஒரு நிமிஷம் அதிகமாகத்தான் வைத்திருப்பேன். போதும், இதற்கு மேல் எழுதினால் அழுதுவிடுவேன்.

இப்போது அதிகாரியைவிடப் பெரிய பயம் ஒன்று வந்திருக்கிறது. ஒன்பது நாளாக விடாத மழை. மேல் தெருவுக்குப் பின்னால் மலையில் ஒரு விரிசல் விட்டிருக்கிறது. முதலில் விரல் நுழைந்தது, நேற்று பழைய குவாரி மேஸ்திரி கையை முழங்கை வரை விட்டுக் காட்டினார். "அடியில நாமதான் கல்லை எடுத்துட்டோம், மேல எதைப் புடிச்சிக்கிட்டு நிக்கும்?" என்று கேட்டார். எழுபது வருஷமாகத் தின்ற மலை. மேல் தெருக்காரர்கள் எல்லாரையும் நேற்றே கீழே மருந்தகக் கூடத்தில் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டோம். மேலே இப்போது ஒரு ஈ காக்கை இல்லை. எங்கள் வீடும் மேல் தெருவில்தானே, அவர் போன மறுவருஷத்திலிருந்து பூட்டியே கிடக்கிறது. நான் பதிவறைக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு வந்து வருஷம் பத்தாகிவிட்டது.

மழைச் சத்தத்துக்கு நடுவில் மலை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. எல்லாருக்கும் கேட்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அக்கா


ஜூன் 14

அக்கா,

உன் பதில் இன்னும் வரவில்லை. மழையில் தபால் எங்கே நிற்கிறதோ. காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஒன்று செய்துவிட்டேன். அதைச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

மாமா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எப்போதுமே தெரியும்.

நான் வாங்கிக் கொடுத்த வேலையில் இரண்டாவது வருஷம், சுரங்கப் பாதை ஒன்றில் வெடி முன்னாலேயே வெடித்துவிட்டது. உயிர் பிழைத்தார். இரண்டு காதும் சுத்தமாகப் போய்விட்டது. இப்போது என் அலுவலகத்துக்கு மூன்று தெரு தள்ளி ஒரு கிடங்கில் இரும்பு அடுக்குகிறார். "அவகிட்ட சொன்னா உன்னைத் தொலைச்சுடுவேன்டா. செவிட்டு ஆளுக்குச் சோறு போடவா அவ கெடக்கா?" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனவன். காதில்லாமல் உன்னிடம் திருப்பிக் கொடுக்க எனக்கும் தைரியம் இல்லை. அதனால் சத்தியம் எனக்கு வசதியாக இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் நான் ஏன் தரையைப் பார்த்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

நேற்று அவரிடம் போய் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டினேன். தலை எண்ணும் நாள், ஐம்பது, உன் பதிவேடு, அதில் அவர் பெயர். 'ஊரில் வசிக்கிறார்' என்று நீ எழுதியதை மட்டும் மூன்று தடவை விரல் வைத்துப் படித்தார். பிறகு, "பொய்யி எழுதிக்கிட்டு மாட்டிக்கப் போறா. நான் போய் நிக்கறேன்" என்றார். சத்தமாகச் சொன்னார், காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் தெரியாதே.

16-ஆம் தேதி பஸ்ஸில் வருகிறார். பழைய குவாரி வாசலில் இறங்கி, வண்டிப் பாதை வழியாக யார் கண்ணிலும் படாமல் மேல் தெரு வீட்டுக்குப் போய்விடுவார். பின்கதவுக்கு வெளியே தாழ்ப்பாள்தானே, சாவி தேவையில்லை. 19-ஆம் தேதி காலையில் வாசலில் நிற்பார். அதுவரை உன் முன்னால் வர மாட்டாராம். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்பப் பார்த்தேன், வாங்க மறுத்துவிட்டார். பெட்டியில் போடுகிறேன்.

நீயாகப் போய்ப் பார்த்தால் திட்டாதே. திட்டினாலும் அவருக்குக் கேட்காது, அது வேறு விஷயம்.

தம்பி


ஜூன் 18

தம்பிக்கு,

மலை விழுந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் நான்கு மணி. சத்தம் முன்னால் வரவில்லை, காற்றுதான் முன்னால் வந்தது. மருந்தகக் கூடத்தின் ஜன்னல்கள் தாமாகத் திறந்துகொண்டன. பார்த்தால் மேல் தெருவில் பாதி இல்லை. நாங்கள் நாற்பத்தொரு பேரும் கூடத்தில் இருந்தோம். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. நர்ஸம்மா எல்லாரையும் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

இன்று விடிந்ததும் மீட்புக்குழு பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்தது. பதினான்கு பேர். தலைவர் கையில் உங்கள் அலுவலகம் கொடுத்த பட்டியல். எங்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "ஐம்பத்து மூணுல பன்னெண்டு பேரைக் காணோம். அத்தனை பேரும் மேல் தெரு வீட்டுக்காரங்க" என்று சொல்லி ஆட்களைச் சேற்றுக்குள் இறக்கிவிட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் நின்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். பதில் வருகிறதா என்று கேட்பதற்காக எல்லாரையும் மூச்சுவிடாமல் இருக்கச் சொன்னார்கள். நாங்கள் நாற்பத்தொரு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். எங்களுக்கு அது கஷ்டமாகவே இல்லை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், சொல்லிவிடாதே என்று.

பத்து மணிக்கு மறுபடியும் கொஞ்சம் மண் சரிந்தது. ஒரு பையன், அந்தக் குழுவில் சின்னவன், இடுப்பு வரை போய்விட்டான். இழுத்துப் போடும்போது அவன் தொடை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவனைத் தூக்கிப் போனதும் அந்த இடத்தில் இன்னொருவன் போய் நின்றான். என் பொய்க்குள் ஆள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

நான் தலைவரிடம் போனேன்.

"ஐயா, தேடாதீங்க. அங்க யாரும் இல்ல."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"பட்டியலை எழுதினது நான். அந்தப் பன்னெண்டு பேரும் ஏட்டுல இருக்கற ஆளுங்க. ஊர்ல இல்ல."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேல கடைசி வீட்டுகிட்ட என் ஆள் ஒருத்தன் ஏதோ தட்டற சத்தம் கேக்குதுங்கறானே" என்றார்.

"கூரைத் தகரம் ஐயா. காத்துல அடிச்சுக்கும்" என்றேன்.

பட்டியலை என் முன்னால் போட்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டார். ஒவ்வொன்றையும் நானே அடித்து, பக்கத்தில் கையெழுத்து போட வேண்டியிருந்தது. கடைசிப் பெயரில் பேனா நின்றது.

"இவரு யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"இவரும் இல்லையா?"

"இல்ல. பதினொரு வருஷமா இல்ல."

தம்பி, இதை நான் வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை. அடித்து முடித்தபோது பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

குழு கிளம்பிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் நிஜமாகவே ஆட்கள் புதைந்திருக்கிறார்களாம். இந்தக் கடிதத்தை அவர்கள் வண்டியில்தான் கொடுத்தனுப்புகிறேன். கடைக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. மற்றவர்களும் அப்படித்தான், எண்பத்து நான்கு வருஷத்து ஊரை ஒரே பேச்சில் முடித்துவிட்டேன் அல்லவா. நாளைக்கு என்ன வருமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இனி என் பொய்யால் ஒருவரும் சாக மாட்டார்கள்.

உன்னிடமிருந்து ஏழாம் தேதிக்குப் பிறகு ஒரு வரியும் வரவில்லை. வழி அடைபட்டிருக்கிறது.

அக்கா


ஜூன் 19, காலை

அக்கா,

மாமா அந்த வீட்டில் இருக்கிறார். மேல் தெரு, உன் வீட்டில். 16-ஆம் தேதி பஸ்ஸில் நான்தான் ஏற்றிவிட்டேன். என் 14-ஆம் தேதிக் கடிதம் உனக்கு வந்து சேரவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அவருக்கு இரண்டு காதும் கேட்காது. ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் பதில் வராது. அந்தத் தட்டும் சத்தம் தகரமாக இருக்காது.

மேல் தெருவைக் காலி செய்துவிட்டீர்கள் என்று நீ எழுதிய கடிதம் 17-ஆம் தேதி காலையிலேயே என் கைக்கு வந்துவிட்டது. அப்போதே மேலதிகாரியிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடினால் அவர் ஏன் அங்கே போனார் என்று கேட்பார்கள். மாமா கல்லோடு பழகியவர், விரிசலைப் பார்த்தால் தானே இறங்கிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாயங்காலம் வரை தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மலை விழுந்த செய்தி வந்த பிறகும், பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதே, குழு தேடி எடுத்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. பயந்துதான், அக்கா. வேறு காரணம் கிடையாது.

இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். 'ஆள் இல்லை என்று பதிவாளரே கையெழுத்து போட்டுவிட்டார், குழுவைத் திருப்ப முடியாது' என்கிறார்கள். என் மேஜைச் சாவியை வாங்கிக்கொண்டு என்னை இங்கேயே உட்கார வைத்திருக்கிறார்கள். ரேஷன் லாரி டிரைவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

யாருக்காகவும் காத்திருக்காதே. தோண்டுங்கள்.


ஜூன் 23

தம்பிக்கு,

சமவெளி ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உயிர் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

உன் சீட்டு இருபதாம் தேதி காலையில் வந்தது. லாரி பாலத்தில் நின்றுவிட, டிரைவர் நடந்தே கொண்டுவந்து கொடுத்தார். படித்தேன். என்ன சத்தம் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. நர்ஸம்மா சீட்டை என் கையிலிருந்து பிடுங்கி எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். இரண்டு நாளாக என்னோடு பேசாத நாற்பது பேர். என் காதுக்கு முதலில் கேட்டது கடைக்காரர் குரல்தான். "நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? கடப்பாரை எங்க இருக்கு?"

எல்லாரும் வந்தார்கள். பம்ப் ஆபரேட்டர் பம்பை நிறுத்திவிட்டு வந்தார். எழுபது வயதுக்காரர்கள் சட்டியில் மண் சுமந்தார்கள். மேஸ்திரி மட்டும் யாரையும் தோண்ட விடவில்லை. "கண்ட எடத்துல குத்தினா மிச்சமும் அவன் மேல உக்காந்துரும். மொதல்ல ஆள் எங்கன்னு தெரியணும்" என்றார்.

"காது கேக்காதவரை எப்படிண்ணே கூப்பிடறது?" என்று கேட்டேன்.

"காதை யாரு கூப்பிடப் போறா? பாறையைக் கூப்பிடுவோம்."

குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால் ஒரு வழக்கம் இருந்ததாம். இத்தனை வருஷம் ஏடு எழுதியும் எனக்குத் தெரியாது. சம்மட்டியால் பாறையில் மூன்று தட்டு. உள்ளே ஆள் மாட்டியிருந்தால் பதிலுக்கு மூன்று தட்ட வேண்டும். பதில் வராவிட்டால்தான் திரியைப் பற்றவைப்பார்கள். உன் மாமா இருபது வருஷம் அதைத் தட்டியவர். கை பாறை மேல் இருந்தால் போதும், காது தேவையில்லை.

வீட்டின் பின்னறைச் சுவரே மலைப் பாறைதான், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பாறையின் மேல் முனை மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தது. மேஸ்திரி அதில் மூன்று தட்டு தட்டினார். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் தட்டினார். அதற்கும் இல்லை. நான் அந்தப் பாறையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டேன். தம்பி, அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை எந்த வார்த்தையிலும் எழுத முடியாது. செத்துவிட்டாரோ என்று மட்டும் இல்லை. தட்டித் தட்டிப் பார்த்து, ஆள் வந்து, நான் அனுப்பிவிட்டதால் வெறுத்துப்போய்த் தட்டுவதை நிறுத்திவிட்டாரோ என்று. மூன்றாவது முறை தட்டியபோது கன்னத்தில் வந்தது. காதில் விழவில்லை, கன்னத்து எலும்பில் வந்தது. ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இரண்டு. மூன்றாவது வரவே இல்லை.

"ரெண்டே போதும், தோண்டுங்க" என்றார் மேஸ்திரி.

இருட்டுவதற்குள் எடுத்துவிட்டோம். பாறைக்கும் சாய்ந்த உத்திரத்துக்கும் நடுவில் ஒரு பெட்டி அளவு இடம். பாறையில் கசிந்த தண்ணீரை நக்கித்தான் மூன்று நாள் இருந்திருக்கிறார். இடது கால் கல்லுக்கு அடியில். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமா என்று நாளைக்குச் சொல்வார்கள். வெளியே கொண்டுவந்தபோது என்னைத்தான் பார்த்தார். சிரிக்கவில்லை, அழவில்லை. தலைமுடி முழுக்க வெளுத்துவிட்டது, தெரியுமா? உனக்கு எப்படித் தெரியாமல் இருக்கும். மூன்று தெரு தள்ளி இருந்தாயே. உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. தாள் பத்தாது. உன் வேலை என்ன ஆயிற்று என்று மட்டும் எழுது. குழந்தைகளை என்னிடம் அனுப்ப வேண்டுமென்றால் அனுப்பு. அந்தத் தொடை முறிந்த பையனும் இதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். அவனிடமும் போய்ச் சொன்னேன். "ஆள் இருந்துச்சுல்ல, விடுங்கம்மா" என்றான்.

நேற்று உன் மாமாவுக்குப் பேச்சு வந்தது. வார்டே அதிரும்படி கேட்டார்.

"மேல ஒருத்தன் வந்து நின்னான். பூட்ஸ் அதிர்ச்சி பாறையில தெரிஞ்சுது. நான் தட்டினேன். அவனும் நின்னான். அப்பறம் போயிட்டான். ஏன் போனான்?"

யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லலாமா என்று நர்ஸைப் பார்த்தேன். அவள் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தையும் பென்சிலையும் என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஏழு வருஷமாக இல்லாதவர்களை இருப்பதாக எழுதிய கை. அப்போதெல்லாம் கோணாத எழுத்து நேற்று கோணிக்கொண்டு போயிற்று. 'நான்தான் போகச் சொன்னேன். வீட்டில் ஆள் இல்லை என்று நான்தான் கையெழுத்து போட்டேன்' என்று எழுதிக் காட்டினேன்.

இரண்டு தடவை படித்தார். சீட்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"இதுதான் சரி. இத்தனை வருஷமா இருக்கான் இருக்கான்னு எழுதினியே, அதுதான் பொய்யி" என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது தெரியவில்லை. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இந்தப் பெஞ்சுக்கு வந்துவிட்டேன்.

தலை எண்ணும் அதிகாரி இன்று காலை இங்கேயே வந்தார். செருப்பு மாட்டிக்கொள்ள விட்டார், அந்தவரைக்கும் நல்ல மனுஷன். விசாரணை பிறகு இருக்கிறது. ஊரில் உண்மையில் எத்தனை பேர் என்று நாளைக் காலை ஒன்பது மணிக்குள் ஒரே ஒரு எண் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அதை வைத்துத்தான் வரிசை வீடுகளில் யார் யாருக்கு இடம் என்று முடிவு செய்வார்களாம். நாற்பத்தொன்று என்று எழுதி அடித்தேன். நாற்பத்திரண்டு என்று எழுதி அதையும் அடித்தேன். இனிமேல் ஒருவரைக் கேட்காமல் அவர் பெயரை எழுதக் கூடாது என்று வைத்திருக்கிறேன். ஊரோடு வருகிறாரா, மறுபடியும் கிடங்குக்கே போகிறாரா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

தாளும் பென்சிலும் மடியில்தான் இருக்கின்றன. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், விழித்துத்தான் படுத்திருக்கிறார். கேட்கப் பயமாக இருக்கிறது, தம்பி.

அக்கா